புருசு, தூரிகை, தேய்கரி: வியாழக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

சுங்கை சிப்புட், வகுப்பு நடத்துபவர்:
அன்பர்களுக்கு வணக்கம். எங்கள் கோயிலுக்குப் பழைய மின்சாரக் கோல்ப் வண்டி ஒன்று அன்பளிப்பாக வந்திருக்கிறது. (இங்கே மலேசியாவில் இதைப் பக்கி என்போம். தமிழ்நாட்டு நண்பர்கள் சிரிக்க வேண்டாம்.) தோட்டத்துச் சாலையிலிருந்து மேட்டுச் சன்னிதி வரை முதியவர்களை ஏற்றிப் போகிறோம். ஆறு வோல்ட் மின்கலங்கள் ஆறு, தொடராக இணைத்து 36 வோல்ட். மூன்றாம் நடைக்குப் பிறகு மோட்டாரில் கை வைக்க முடிவதில்லை. அதையே பாடமாக்கி, சனிக்கிழமை வகுப்புக்கு நான்கு பக்கக் கையேடு எழுதுகிறேன். வியாழன் மாலை அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

மின்னோட்டம், மின்தடை எல்லாம் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் படித்தவை. இடறுவது ஒன்றுதான். மோட்டாரில் சுழலும் திசைமாற்றியின் (சுருளில் ஓடும் மின்னோட்டத்தின் திசையை மாற்றித் தரும் செப்பு உருளை) மேல் சுருள்வில் அழுத்த, உரசிக்கொண்டே மின்சாரத்தை உள்ளே அனுப்பும் அந்தக் கரித்துண்டு. பட்டறையில் அது புருசு, ஆங்கிலத்து 'பிரஷ்'. போன வாரம் "புருசு தேய்ந்துவிட்டால் உடனே மாற்றுங்கள்" என்று கரும்பலகையில் எழுதினேன். பெண்பிள்ளைகளின் சிரிப்பு அடங்கக் கால்மணி நேரம் ஆயிற்று.

சென்னை:
தமிழ்நாட்டுப் பாடநூலில் "தூரிகை" இருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கு ஒரு விவாதம் தேவையா?

கிள்ளான், மின்பணியாளர்:
தூரிகை என்றால் என் பேத்தி வண்ணம் தீட்டுவது. கையேட்டைப் படித்துவிட்டு மோட்டாரைத் திறப்பவன் உள்ளே மயிர்க்கற்றையைத் தேடுவான்.

சென்னை:
தேடட்டுமே. தொடக்ககாலத்தில் செப்புக் கம்பிகளைக் கட்டாகச் சேர்த்துத்தான் உரசவிட்டார்கள். பெயர் அப்படி வந்தது. பிறகு கரிக்கட்டி வந்தது, பெயர் தங்கிவிட்டது.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
தூரிகை வடசொல்லாகிய தூலிகையின் திரிபு. நமக்கு ஏன் அந்தக் கடன்? நற்றிணை 118இல் "துகிலிகை அன்ன துய்த்தலைப் பாதிரி" என்று வருகிறதே! பாதிரிப் பூவின் பஞ்சுத் தலைக்கு அரக்கு ஊட்டிய ஓவியர் கருவி உவமை. துகில், துய், தூவி என்று மென்மைப் பொருளில் ஒரு சொற்குடும்பமே இருக்கிறது. துகிலிகையும் அதில் பிறந்ததுதான் என்று நாற்பதாண்டுகளாகச் சொல்லி வருகிறேன். ஆகவே "மின்துகிலிகை".

கிள்ளான், மின்பணியாளர்:
ஐயா, மன்னிக்க வேண்டும். அது கல்போல் இருக்கும் கட்டி. அதில் துய்யும் இல்லை, துகிலும் இல்லை.

ஈப்போ, ஆசிரியை:
"தேய்கரி" என்று வைக்கலாமா? வினைத்தொகை. தேய்ந்த கரி, தேய்கின்ற கரி, தேயும் கரி மூன்றும் அதற்குள் அடக்கம். அந்தப் பொருளின் வாழ்க்கையே அதுதானே. தேய்பிறை அறிந்த பிள்ளைக்கு விளக்கம் வேண்டியதில்லை. வல்லினம் மிகாது என்பதை மட்டும் அச்சகத்தாரிடம் சொல்லிவையுங்கள். "தேய்க்கரி" என்று போட்டுவிடுவார்கள்.

சென்னை:
தேய்க்கும் கரி என்றும் விரிக்கலாமே அக்கா. எங்கள் பாட்டி பல் தேய்த்த அடுப்புக்கரிதான் என் நினைவுக்கு வருகிறது.

தஞ்சாவூர்:
கரிக்கு யானை என்றும் பொருள் உண்டு. சாட்சி என்றும் உண்டு: "இந்திரனே சாலும் கரி". தேய்ந்துபோன சாட்சியை மோட்டாருக்குள் வைக்கப் போகிறீர்களா?

கோலாலம்பூர், பொறியாளர்:
யானை இருக்கட்டும். குறைந்த மின்னழுத்தத்தில் மிகுந்த மின்னோட்டம் ஓடும் இத்தகைய மோட்டார்களில் பெரும்பாலும் வெறும் கரி இராது, செம்புப் பொடியும் கலந்திருக்கும். நாளைக்கே பொருள் மாறினால் பெயர் பொய்யாகிவிடும். செயலை வைத்து "உரசி" என்றால் போதும்.

ஈப்போ:
உரசி என்றால் சுவரில் உரசிய வண்டிதான் தோன்றும் தம்பி. தேய்கரியில் பழுதின் காரணமும் இருக்கிறது. தேயத் தேயச் சுருள்வில்லின் அழுத்தம் குறையும், தொடுகை தளரும், பொறி பறக்கும், சூடேறும்.

தெலுக் இந்தான், முன்னாள் தோட்டக் கிராணி (எழுத்தர்):
எல்லாம் படித்தேன். நம் பாட்டன்மார் ரப்பரைக் குறிக்கும் கெத்தா என்ற மலாய்ச் சொல்லைக் கித்தா ஆக்கினார்கள், கிண்ணத்தைக் குறிக்கும் மங்கோக்கை மங்கு ஆக்கினார்கள். அதே வாயால் ரப்பர் மரத்தைப் பால்மரம் என்றும் சொன்னார்கள். எதற்கும் குழு கூடவில்லை. புருசைப் புருசாகவே விடுங்கள். மானம் போகாது.

சுங்கை சிப்புட்:
புதன் இரவு ஆகிவிட்டது. என் கணக்கில் தேய்கரிக்கு ஐவர், தூரிகைக்கு இருவர், உரசிக்கு ஒருவர், புருசுக்குக் கிராணி ஐயா, துகிலிகைக்குத் தஞ்சை ஐயா. தேய்கரி என்றே அச்சுக்குக் கொடுக்கிறேன். முதலில் வருமிடத்தில் மட்டும் "பட்டறையில் புருசு" என்று ஒரு வரி இருக்கும்.

சுங்கை சிப்புட், ஞாயிறு:
வகுப்பில் மோட்டாரைப் பிரித்தோம். தேய்கரி நான்கும் நல்ல நீளத்தில் இருந்தன, திசைமாற்றியும் வழவழவென்று இருந்தது. குற்றவாளி எஸ்2 முனையத்தில் (காந்தப்புலம் தரும் நிலைச்சுருளின் ஒரு முனை) தளர்ந்திருந்த நட்டு. நிலைச்சுருளும் ஆர்மேச்சர் என்னும் சுழலும் சுருளும் தொடராக இணைந்த தொடர்சுற்று மோட்டார் என்பதால் ஆர்மேச்சரில் ஓடும் மின்னோட்டம் முழுவதும் அந்த இணைப்பின் வழியாகவும் போகிறது. மேடேறும்போது நூறு ஆம்பியர் என்று கொண்டால், நூறில் ஒரு பங்கு ஓம் தடையே அந்த ஒரு புள்ளியில் நூறு வாட் சூட்டைத் தந்துவிடும். கம்பியின் உறை கருகிப்போயிருந்தது. முனையைச் சுரண்டித் துடைத்து, கருகியதற்குப் பதிலாகப் பருமனான கம்பி போட்டு இறுக்கிவிட்டோம். நேற்று மாலை ஐந்து நடை. மோட்டாரில் கை வைக்க முடிந்தது.

தஞ்சாவூர்:
மகிழ்ச்சி. ஆனால் அதென்ன "முனையம்"? முனை என்றாலே போதுமே. அந்த "அம்" எங்கிருந்து வந்தது?