கடிப்பது பிள்ளை, வகுப்பு பெற்றோருக்கா?

வேலிக்கு வெளியே:
பையனுக்கு 5 வயது. கையில் கிடைத்ததை வீசுவான், தம்பியைக் கடிப்பான். நிபுணரிடம் கூட்டிப் போனால், அவனை விட்டுவிட்டு எங்களைப் பெற்றோர் பயிற்சிக்கு வரச் சொல்கிறார். வாரம் 2 மணி நேரமாம், மூன்று நான்கு மாதமாம். எனக்கு இது சுத்தப் பேத்தலாகத் தெரிகிறது.

நூல்கண்டு:
பேத்தல் இல்லை. ஜெரால்ட் பேட்டர்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் குடும்பங்களை அவர்கள் வீட்டிலேயே கவனித்துச் சொன்னது இது: பிள்ளை கைபேசி கேட்கிறது, மறுக்கிறீர்கள், அலறுகிறது, கொடுத்துவிடுகிறீர்கள். அலறினால் கிடைக்கும் என்று அது கற்றுக்கொள்கிறது, கொடுத்தால் சத்தம் அடங்கும் என்று நீங்கள் கற்றுக்கொள்கிறீர்கள். இதில் 5 வயதுக்காரனா முதலில் மாறுவான்?

வேலிக்கு வெளியே:
ஆக, தப்பு எங்கள் மேல்தான். இதை என் மாமியார் இலவசமாகவே சொல்கிறார்.

கடைசி பெஞ்சு:
மாமியார் காதுக்குள் பேசமாட்டாரே! நாங்கள் போன பயிற்சியில் நான் மகளோடு விளையாட, ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பயிற்சியாளர் என் காதுக்கருவியில் சொல்லிக்கொடுப்பார். கேள்வி கேட்காதீர்கள், ஏவாதீர்கள், அவள் செய்வதை மட்டும் சொல்லுங்கள் என்பார். 'சிவப்புக் கட்டையை மேலே வைக்கிறாய்' என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. பாராட்டும் அப்படித்தான், வெறும் 'சமத்து' போதாது, 'பிடுங்காமல் கேட்டு வாங்கினாயே' என்று செய்ததைச் சொல்ல வேண்டும். அப்புறம் ஒன்று, அடத்தைக் கண்டுகொள்ளாமல் விட ஆரம்பித்தால் முதலில் அது கூடும். அங்கேதான் பலர் கைவிடுகிறார்கள்.

வேலிக்கு வெளியே:
கைவிடாமல் என்ன செய்வது? எனக்கு இரவு வேலை. தாத்தா பாட்டி மறுநிமிடமே கைபேசியைக் கொடுப்பார்கள். சரி, பையனுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை, தூக்கம் இல்லை, ஆட்டிசம் இருக்கிறது என்றால்? பாராட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பதா?

நூல்கண்டு:
அதைப் பார்க்காமல் வகுப்புக்கு மட்டும் அனுப்பினால் நிபுணர் மேல்தான் தப்பு, அங்கே உங்கள் கட்சிதான் நான். ஆனால் ஏடிஎச்டி, அதாவது கவனம் நிலைக்காமல் மிதமிஞ்சித் துறுதுறுவென்று இருக்கும் குறைபாடு, இருந்தாலும்கூட, 4, 5 வயதில் மருந்துக்கு முன் பெற்றோர் பயிற்சியைத்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் பரிந்துரைக்கிறது. பிரிட்டனின் 2013 வழிகாட்டுதலும் நடத்தைச் சிக்கல் உள்ள 3 முதல் 11 வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்குக் குழுப் பயிற்சியைத்தான் சொல்கிறது.

வேலிக்கு வெளியே:
வழிகாட்டுதல் எழுதியவர்களுக்கு இரவு வேலை இருந்திருக்காது.

கடைசி பெஞ்சு:
இருவரும் போக முடியாவிட்டால் ஒருவராவது போங்கள். தாத்தாவிடம் கைபேசி விஷயத்தை இன்றைக்கே பேசிவிடுங்கள், அதற்கு வகுப்பு வேண்டாம்.