டார்க் சாக்லேட் சாப்பிட்டால் மனசு லேசாகுமா? பார்த்ததை, தெரிந்ததை எழுதுங்கள்

உணவு_ஆலோசகர்:
"சாக்லேட் சாப்பிட்டும் ஒண்ணும் தெரியலை" என்பவர்களின் கையில் பெரும்பாலும் இருப்பது 45 அல்லது 50 சதவீதக் கோகோ உள்ள பட்டை. உறையைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானப் பட்டியலில் சர்க்கரை முதலில் நின்றால் அது பேருக்குத்தான் டார்க். 70–85 சதவீத வகையில் 30 கிராமுக்கு ஏறக்குறைய 180 கலோரி, 7 கிராம் சர்க்கரை, 70 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் குறைவாக மக்னீசியம், 24 மில்லிகிராம் கஃபீன், 240 மில்லிகிராம் தியோபுரோமின் இருக்கும். கஃபீன் ஒரு கப் காபியில் கால்வாசிதான். தியோபுரோமின் அதைவிட மந்தமான ஊக்கி. ஆனால் உடம்பை விட்டுப் போக அதிக நேரம் எடுக்கும். "காதல் ரசாயனம்" என்று பரப்பப்படும் ஃபீனைல்எத்தில்அமீனைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். மூளைக்குப் போய்ச் சேருமுன் நொதிகள் அதை உடைத்துவிடும்.

கோகோ_பட்டறை:
மேலே சொன்னதோடு ஒன்று. 70 சதவீதம் என்பது கோகோ திடப்பொருளும் கோகோ வெண்ணெயும் சேர்ந்த கணக்கு. வெண்ணெயைக் கூட்டிப் போட்டும் 70 காட்டலாம். ஃபிளாவனால் என்ற தாவரச் சத்து எவ்வளவு என்று அந்த எண் சொல்லாது. கோகோ கொட்டையைப் புளிக்க வைக்கும்போது அது கொஞ்சம் போகும், வறுக்கும்போது கொஞ்சம் போகும், காரம் (மிளகாய்க் காரமல்ல, அல்கலி) சேர்த்துப் பதப்படுத்தினால் பெரும்பகுதி போய்விடும். உறையில் "காரம் சேர்த்துப் பதப்படுத்திய கோகோ" என்று இருந்தால் விட்டுவிடுங்கள். கன்னங்கரேலென்று இருப்பதுதான் உசத்தி என்று நினைக்கிறார்கள். காரம் சேர்த்ததுதான் அப்படிக் கறுக்கும்!

கடிக்காமல் நாக்கில் வைத்துக் கரைய விடுங்கள். கோகோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் உருகும், அதாவது வாய்ச்சூடே போதும். மேலே வெள்ளை படிந்திருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். கரைந்தால் ஈரம் பட்டுச் சர்க்கரை பூத்தது. கரையாமல், விரல் வைத்தால் வழவழவென்று உருகினால் கொழுப்பு பூத்தது. இரண்டும் கெட்டுப்போனதல்ல. ஆனால் மணலாட்டம் நாக்கில் நெருடும், ருசி போய்விடும்.

ஆய்வு_வாசகர்:
ருசி போனால் பாதி விஷயம் போச்சு, அதை ஆய்வே காட்டியிருக்கிறது. 1994-இல் மிச்செனர், ரோசின் என்ற ஆய்வாளர்கள் இருவரும் சாக்லேட் ஆசை வந்தவர்களுக்கு மில்க் சாக்லேட், வெள்ளைச் சாக்லேட், கோகோ மாத்திரை என்று தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். மாத்திரையில் கோகோவின் ரசாயனங்கள் எல்லாம் இருந்தன, ஆசை தீரவில்லை. கோகோ திடப்பொருளே இல்லாத வெள்ளைச் சாக்லேட் ஓரளவு தீர்த்தது. 2007-இல் மாக்ட், முல்லர் செய்த சோதனையில் சோகத்தில் இருந்தவர்களுக்குச் சுவையான சாக்லேட் உடனே தெம்பு கொடுத்தது, ஆனால் அது சில நிமிடங்களில் அடங்கிவிட்டது.

நாள்பட்ட பலனைப் பற்றிப் பேசினால் 2022-இல் வந்த கொரிய ஆய்வைச் சொல்ல வேண்டும். தினமும் 30 கிராம், மூன்று வாரம். 85 சதவீதம் சாப்பிட்டவர்களுக்கு எதிர்மறை உணர்வு குறைந்தது, 70 சதவீதக் குழுவுக்குக் குறையவில்லை. ஆனால் கலந்துகொண்டவர்கள் ஐம்பது பேர்கூட இல்லை, எல்லாரும் இளவயது, ஆரோக்கியமானவர்கள். 2019-இல் 13,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் தரவில் டார்க் சாக்லேட் சாப்பிட்டவர்களிடம் மனச்சோர்வு அறிகுறி குறைவு என்று வந்தது பெரிய செய்தியானது. சோர்ந்து கிடப்பவருக்குச் சாக்லேட் மேலேயே ஆசை போயிருக்கலாமே? 2010-இல் வந்த வேறோர் ஆய்வில் மனச்சோர்வு கூடியவர்கள்தான் அதிகச் சாக்லேட் சாப்பிட்டிருந்தார்கள். எது முந்தி, எது பிந்தி என்று இரண்டுமே சொல்லாது.

புதியவர்:
85-ஐ வாயிலேயே வைக்க முடியலைங்க. துப்பத்தான் தோணுது.

கோகோ_பட்டறை:
நேரே 85-க்குத் தாவினால் அப்படித்தான். 60-இல் ஒரு வாரம், 70-இல் பத்து நாள், பிறகு 80-க்கு மேல். இனிப்பு சாப்பிட்ட கையோடு தொடாதீர்கள், கசப்பு இரட்டிப்பாகத் தெரியும். குளிர்பெட்டியில் இருந்து எடுத்ததென்றால் அரை மணி நேரம் உறையோடு வெளியே வைத்துவிட்டுப் பிரியுங்கள். இல்லாவிட்டால் வேர்த்து, மேலே சொன்ன சர்க்கரைப் பூப்பு வந்துவிடும்.

மருந்தாளுநர்:
நாலு எச்சரிக்கை. மனச்சோர்வுக்கு எம்.ஏ.ஓ. (மோனோஅமீன் ஆக்சிடேஸ் என்ற நொதி) தடுப்பு வகை மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சாக்லேட்டைக் கூட்டக் கூடாது. ரத்த அழுத்தம் ஏறலாம். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு அது கூடும். சாயங்காலத்துக்கு மேல் சாப்பிட்டால் சிலருக்குத் தூக்கம் கெடும். தூக்கம் கெட்டால் மறுநாள் மனநிலை என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கோகோவில் காட்மியம் என்ற நச்சு உலோகம் சேரும் என்பதால், 50 சதவீதமும் அதற்கு மேலும் கோகோ உள்ள சாக்லேட்டுக்கு ஐரோப்பிய ஒன்றியம் கிலோவுக்கு 0.80 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. தினமும் சாப்பிடுபவர்கள் ஒரே தயாரிப்பைப் பிடித்துக்கொண்டிருக்காமல் மாற்றி மாற்றி வாங்கலாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லாமல், தூக்கமும் பசியும் மாறிக் கிடந்தால் அது சாக்லேட்டில் தீருகிற காரியமில்லை, மருத்துவரிடம் போங்கள். (நாய்க்கு ஒரு துண்டும் கொடுத்துவிடாதீர்கள். தியோபுரோமின் அதற்கு விஷம்.)

உணவு_ஆலோசகர்:
தனக்கு வேலை செய்கிறதா என்று பார்க்க நினைப்பவர்களுக்கு: தினமும் ஒரே நேரம், 10 கிராம், அதாவது 100 கிராம் பட்டையில் பத்தில் ஒரு பங்கு. சாப்பிடுமுன் மனநிலைக்குப் பத்துக்கு எவ்வளவு என்று எழுதுங்கள். ஐந்து நிமிடம் கழித்து, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி எழுதுங்கள். இரவில் உட்கார்ந்து ஞாபகத்தில் இருந்து எழுதினால் பிரயோஜனமில்லை. இரண்டு வாரம் கழித்து, அதே நேரத்தில் அதே இடைவேளையை எடுத்து, சாக்லேட்டுக்குப் பதில் பிடித்த வேறு எதையாவது இரண்டு வாரம் சாப்பிட்டு எழுதுங்கள். இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். இரண்டு பட்டியலும் ஒரே மாதிரி வந்தால், மனசை லேசாக்கியது அந்தச் சின்ன இடைவேளையாகவே இருக்கலாம்.