தெரபி செலவுக்கு எந்த காப்பீடு பைசா தரும்?

குலசேகரம்காரி:
எனக்க மோனுக்கு 7 வயசு, ஆட்டிசம். ஒரு சென்டர்ல வாரம் மூணு நாள் ஸ்பீச் தெரபி சும்மாவே குடுத்துட்டு இருந்தாங்க, போன மாசம் ஃபண்டு வரல்லன்னு ஒரு நாளா குறைச்சாச்சு, மீதி நாளுக்கு பைசா கட்டணுமாம். வீட்டுக்காரருக்கு ரப்பர் பால்வெட்டு, மழை பெய்தா வேலை கெடையாது. முதலமைச்சர் காப்பீட்டு கார்டு இருக்கு, 5 லட்சம்னு சொல்லுறாங்களேன்னு கொண்டு காட்டினா அட்மிட் ஆனா தான்மா செல்லும்னு திருப்பி விட்டாச்சு. ஓடியாடி நடக்குற பிள்ளைய எதுக்கு கட்டில்ல படுக்க வைக்கணும்?

தக்கலை அக்கா:
அந்த கார்டு தெரபிக்கு ஆகாது மோளே. நிராமயான்னு ஒரு காப்பீடு இருக்கு, கேட்டு பாரு, மத்திய அரசுக்க நேஷனல் டிரஸ்ட் நடத்துறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல குறைபாடு சேர்ந்து உள்ளவங்க, இந்த நாலுக்கு மட்டும். வருசத்துக்கு 1 லட்சம் வர, அட்மிட் ஆகாம பாக்குற ஓ.பி.யும் தெரபியும் அதுல வரும், ஆனா ஒவ்வொண்ணுக்கும் தனி உச்சவரம்பு உண்டு. நான் சேர்ந்தப்ப பி.பி.எல்.க்கு, அதாவது வறுமைக்கோட்டுக்கு கீழ உள்ளவங்களுக்கு 250, மத்தவங்களுக்கு 500 கட்டணம். மெடிக்கல் டெஸ்ட் ஒண்ணும் கேக்கமாட்டாங்க. மார்ச் 31 கழிஞ்சா பாலிசி முடிஞ்சுரும், அதுக்கு முன்னால புதுப்பிக்கணும், நான் ஒரு வருசம் மறந்துபோய் அந்த வருசம் பூரா கைக்காசு தான்.

பேச்சிப்பாறை அண்ணன்:
அக்கா சொல்லுறது செரி தான், ஆனா முதல்ல நாம பைசா கட்டிட்டு பில்லு அனுப்பி பிறகு வாங்கணும்லா, கையில பைசா இல்லாதவன் எங்க போவான். ஃபண்டு வெட்டினா முதல்ல அடி விழுறது நம்ம பிள்ளைகளுக்கு தான், இதுகளுக்கு ஓட்டு இல்லல்லா. இன்னொண்ணு, அந்த தெர்மல் பேப்பர் பில்ல அன்னைக்கே ஜெராக்ஸ் எடுத்துடுங்க. நான் டப்பாவுல போட்டு வச்சிருந்தது மூணு மாசத்துல வெள்ளைத்தாளா போச்சு, கிளெயிமும் போச்சு.

குலசேகரம்காரி:
அய்யோ எனக்க பில்லு எல்லாம் மருந்து கவருக்குள்ள மடக்கி வச்சிருக்கேன், இப்ப எடுத்து பாத்தா ரெண்டு மங்கிட்டு. மாற்றுத்திறனாளி சான்றிதழ் கையில இருக்கு, வேற என்ன வேணும்?

தக்கலை அக்கா:
ஆதார், பி.பி.எல்.னா அதுக்கு சான்று, பேங்க் புக்கு. சான்றிதழ்ல அறிவுசார் குறைபாடும் எழுதியிருந்தா நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ்ல மாற்றுத்திறனாளி நல அலுவலகத்துல மாசம் 2000 பராமரிப்பு உதவியும் கேளு. திங்கக்கிழமை மட்டும் போவாதே, மனு நாள், நிக்க இடம் இருக்காது.