பழைய ஸ்டெர்ன்டிரைவ்: ஓசூர் பட்டறையில சரி பண்ணலாமா, மொத்தமா மாத்திடணுமா?

தளிரோடு:
18 அடி படகு, மெர்க்ரூசர் ஆல்ஃபா ஒன் ஜென் 2 டிரைவ் (ஸ்டெர்ன்டிரைவ்: இன்ஜின் படகுக்குள்ள, புரொப்பல்லரோட கியர் பெட்டி பின்பக்கம் வெளிய). டிரெய்லர்ல ஓசூர் ஷெட்டுல நிக்குது. ஸ்டீயரிங்கை ஒடிச்சா பின்னால உறுமுது, நேரா போனா சத்தம் கம்மி. கியர் ஆயில் பால் காப்பி நிறத்துல வருது. ஃபார்வர்டுல சுமை ஏறும்போது எப்பவாவது 'டக்'னு கழண்டு திரும்ப விழுது. புரொப்பல்லர் ஷாஃப்ட்ல சீல் உக்கார்ற இடத்துல நகம் மாட்டுற அளவுக்குப் பள்ளம். டிரைவையே மாத்துங்கன்னு ஒரு யோசனை சொன்னாங்க. இங்க லேத்துக்கும் பேரிங் கடைக்கும் பஞ்சமில்ல. எதைச் சரி பண்ணலாம், எதுல கை வைக்கக் கூடாது?

பென்னாகரம்_படகு:
மாத்துறதா வேண்டாமான்னு ஆயில் சொல்லும். கீழ் ஸ்குரூவைக் கழட்டி முழுசையும் சுத்தமான பேசின்ல வடிங்க. ஸ்குரூ காந்தத்துல சாம்பல் பசை மாதிரி இருந்தா சாதாரணத் தேய்மானம். விரல்ல குத்துற சில்லு வந்தா கியர் பல்லோ பேரிங்கோ உடைஞ்சிருக்கு, அப்ப கணக்கே வேற.

பால் நிறம்னா தண்ணி புகுந்திருக்கு. எந்த வழியான்னு தெரியாம சீல் வாங்காதீங்க. காலி டிரைவுல கைப் பம்பால 15 பிஎஸ்ஐ வரைக்கும் காத்து ஏத்தி, 5 நிமிஷம் முள்ளு இறங்குதான்னு பாருங்க. ஷாஃப்டைச் சுத்திக்கிட்டே சோப்புத் தண்ணி அடிங்க. சும்மா நிக்கும்போது பிடிக்கிற சீல், சுத்தும்போது விடும். புரொப்பல்லருக்குப் பின்னால நரம்பு சுத்தியிருக்கான்னு கண்டிப்பா பாருங்க. மீன்வலை நரம்பு சீல் உதட்டைக் கத்தி மாதிரி அறுத்துடும், மேட்டூர்த் தண்ணி ஏறி நிக்கிற நாகமரை, ஒட்டனூர் பக்கமெல்லாம் வலை விரிக்கிற இடம்தான்.

பேரிங்காரர்:
ஷாஃப்ட் பள்ளத்துக்குப் பதில் சொல்றேன். வெல்டு வெச்சுக் கடையலாம்னு யாராவது சொன்னா ஷாஃப்டைத் திருப்பி வாங்கிக்கிட்டு வந்துடுங்க. சூட்டுல வளையும். மொதல்ல வி-பிளாக்ல (வி வடிவப் பள்ளம் உள்ள தாங்கி) வெச்சுச் சுத்தி, ஆட்டத்தை அளக்குற டயல் கேஜ் பிடிங்க. சீல் இடத்துல 0.15 மி.மீ.க்கு மேல ஆடுச்சுன்னா ஷாஃப்ட் மாத்தணும். நேரா இருந்தா ஸ்பீடி ஸ்லீவ் (பள்ளத்து மேல ஏத்துற மெல்லிசு எஃகு உறை) போட்டாப் போதும். சுவர் கனம் 0.28 மி.மீ. தான், அதனால சீல் அளவு மாறாது. பள்ளம் ஆழமா இருந்தா உள்ள எபாக்சி நிரப்பி, காயறதுக்குள்ள ஸ்லீவை ஏத்துங்க.

எமரித் தாளை ஷாஃப்ட் நீளவாக்குலயோ சாய்வாவோ இழுக்காதீங்க. திருகு மாதிரி கீறல் விழுந்தா அதுவே ஆயிலை வெளிய தள்ளும்.

பேரிங் வளையத்துல நம்பர் பொறிச்சிருக்கும். டேப்பர் ரோலர்ல சிலது பொது அளவு, அந்த நம்பரை வெச்சே கடையில கிடைக்கும். ஆனா ஆயில் சீலை லாரி சீல் அளவைப் பார்த்து வாங்காதீங்க. அதோட ஸ்பிரிங் சாதா இரும்பு, தண்ணியில துரு ஏறி அறுந்துடும். படகு சீல்ல துருப்பிடிக்காத ஸ்பிரிங். புரொப்பல்லர் பக்கம் ரெண்டு சீல் உண்டு: உள் சீலோட உதடு ஆயிலைப் பார்க்கணும், வெளிச் சீலோட உதடு தண்ணியைப் பார்க்கணும். ரெண்டையும் ஒரே திசையில போட்டா ஒண்ணு வீண்.

தளிரோடு:
நன்றிங்க அண்ணா. வடிச்சுப் பார்த்தேன், பசை மட்டும்தான், சில்லு இல்ல. அப்ப கியர் கழல்றதுக்கு என்ன காரணம்?

68_நியூட்டன்:
உடனே டிரைவைப் பிரிக்காதீங்க தம்பி. ஆல்ஃபாவுல அடிப்பக்க ஷிஃப்ட் கேபிள் (கியர் மாத்துற கேபிள்) தேய்ஞ்சு இழுவை முழுசா போய்ச் சேரலன்னாலும் இதே மாதிரிதான் கழலும். கேபிளைக் கழட்டிக் கையால இழுங்க. கனமா, விட்டு விட்டு வந்தா மாத்திட்டு அட்ஜஸ்ட் பண்ணுங்க. கேபிள் நல்லா இருந்தும் கழண்டா உள்ள கிளட்ச் டாக் (கியரைக் கோத்துப் பிடிக்கிற பல்) முனை மழுங்கியிருக்கு. அதைக் கிரைண்டர்ல கூர் பண்ணாதீங்க. மேல் தோல் மட்டும்தான் கடினம், அது போயிட்டா பத்து ஓட்டத்துல திரும்ப மழுங்கும். ஃபார்வர்டு கியர்லயும் மழுங்கியிருந்தா கியரும் பினியனும் (அதோட கோக்குற சின்னக் கியர்) ஜோடியா வரணும், ஷிம் (மெல்லிசுத் தகடு) வெச்சுப் பல் இடைவெளி பிடிக்கணும். அந்தக் கட்டம் வந்தாதான் பழைய நல்ல டிரைவ் ஒண்ணை மொத்தமா வாங்குறது லாபம்.

உறுமல் சத்தம் கிம்பல் பேரிங், இன்ஜின்ல இருந்து டிரைவுக்குப் போற ஷாஃப்டைத் தாங்குறது. ஃபார்வர்டு கியர் போட்டு வெச்சு, டிரைவைப் பிடிச்சிருக்கிற 6 நட்டைக் கழட்டுங்க. டிரைவ் வந்ததும் பேரிங் உள்வளையத்தை விரலால சுத்துங்க, மணல் அரைக்கிற மாதிரி இருந்தா போச்சு. அது கெட்டது தானா இல்ல, அதுக்குப் பின்னால இருக்கிற யு-ஜாயிண்ட் பெல்லோஸ் (ஷாஃப்டோட மடங்குற மூட்டை மூடியிருக்கிற மடிப்பு ரப்பர் உறை) கிழிஞ்சு தண்ணி போயிருக்கு. மடிப்புகளை விரிச்சு டார்ச் அடிச்சுப் பாருங்க, வெடிப்பு மடிப்பு அடியிலதான் ஒளிஞ்சிருக்கும். ரப்பருக்குப் பஞ்சர் வேலையெல்லாம் செல்லாது, உள்ள தண்ணி போனா படகே முழுகும். பேரிங்கையும் மூணு பெல்லோஸையும் ஒரே தடவையில மாத்திடுங்க.

திரும்ப மாட்டுறதுக்கு முன்னால அலைன்மென்ட் பார் (இன்ஜின் நேர்க்கோட்டுல இருக்கான்னு பார்க்குற கம்பி) முனையில கிரீஸ் தடவி, இன்ஜின் கப்ளர் வரைக்கும் விட்டு எடுங்க. கப்ளரோட ஸ்ப்லைன் (உள்பக்க வரிப்பல்) தடம் கிரீஸ்ல சுத்தி ஒரே மாதிரி விழணும். ஒரு பக்கம் மட்டும் விழுந்தா இன்ஜினோட முன் மவுண்ட் நட்டை ஏத்தி இறக்கிச் சரி பண்ணணும். இதை விட்டா கப்ளர் ஸ்ப்லைன் அரைஞ்சிடும், அதை மாத்த இன்ஜினையே தூக்கணும். டிரைவோட 6 நட்டுகளை 68 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்க.

பென்னாகரம்_படகு:
இதோட ரெண்டு. லோயர் யூனிட் (டிரைவோட கீழ்ப் பாதி) கழண்டு கிடக்கும்போதே தண்ணிப் பம்பைத் திறந்து பாருங்க. வண்டல் தண்ணியில இம்பெல்லரை (தண்ணியைத் தள்ளுற ரப்பர் இறக்கைச் சக்கரம்) மட்டும் மாத்தினா பத்தாது, ஹவுசிங் உள்சுவர்ல கோடு விழுந்திருந்தா கிட்டாவே போடுங்க. இறக்கை உடைஞ்சிருந்தா துண்டை எண்ணி, குழாய்லயும் கூலர்லயும் தேடி எடுத்தாதான் தீரும், இல்லன்னா இன்ஜின் சூடாகும். நன்னீருக்கு மெக்னீசியம் ஆனோடு (டிரைவுக்குப் பதிலா அரிச்சுப் போற உலோகக் கட்டி) போடுங்க, துத்தநாகம் மேல படலம் கட்டி வேலை செய்யாது.

ஆயிலைக் கீழ் ஓட்டை வழியா ஏத்தி, மேல் ஓட்டையில குமிழ் இல்லாம வழியுற வரைக்கும் விடுங்க. மேல இருந்து ஊத்தினா காத்து சிக்கிக்கும். ஷெட்டுல நிறுத்தும்போது டிரைவைக் கீழ இறக்கியே வைங்க, தூக்கி வெச்சா புது பெல்லோஸ் ஒரே மடிப்புல இறுகிடும்.