அப்டேட்: துபாய் வேலைக்கு டிகிரி அட்டெஸ்டேஷன் முடிஞ்சது

போன மாசம் இங்க கேட்டிருந்தேன்ல, துபாய் வேலைக்கு டிகிரி சர்டிபிகேட்ட அப்போஸ்டில் (வெளிநாட்டுல காட்ட நம்ம வெளியுறவு அமைச்சகம் ஒட்டுற சான்று ஸ்டிக்கர்) பண்ணா போதுமா, இல்ல தூதரகம் வரைக்கும் போய் அட்டெஸ்டேஷன் (ஒவ்வொரு அலுவலகமா சான்று முத்திரை வாங்குறது) பண்ணணுமான்னு, பாதி பேர் போதும்னீங்க பாதி பேர் போதாதுன்னீங்க. போதாதுன்னவங்க சொன்னதுதான் சரி. அப்போஸ்டில ஒருத்தருக்கொருத்தர் ஏத்துக்குற நாடுகளோட ஹேக் ஒப்பந்தத்துல இந்தியா 2005லயே சேர்ந்துடுச்சு ஆனா அமீரகம் அதுல இல்ல, அதனால அப்போஸ்டில் அங்க செல்லாது. சவுதி 2022லயும் கனடா 2024லயும் அந்த ஒப்பந்தத்துக்குள்ள வந்துட்டாங்க, அதனால பழைய பதிவப் பாத்து முடிவு பண்ணாதீங்க.

எனக்கு நடந்த வரிசை, முதல்ல மாநில உயர்கல்வித் துறை முத்திரை, அப்புறம் வெளியுறவு அமைச்சகம், அப்புறம் டெல்லில அமீரகத் தூதரகம், கடைசியா துபாய் போய் அவங்க வெளியுறவு அமைச்சகம். நம்ம அமைச்சகத்துல பொதுமக்கள் நேரா குடுக்க முடியாது, அவங்க அங்கீகரிச்ச ஏஜென்சி வழியாத்தான். சாதாரண அட்டெஸ்டேஷனுக்கு அரசு கட்டணமே கிடையாது, அப்போஸ்டிலுக்கு 50 ரூபாதான், மிச்சம் எல்லாம் சர்வீஸ் சார்ஜ். என்கிட்ட ஒரு ஏஜென்ட் எல்லாம் கவர்மென்ட் பீஸுன்னு மொத்தமா ஒரு தொகை சொன்னாரு, பிரிச்சு எழுதிக் குடுங்கன்னு கேட்டதும் பேச்சே மாறிடுச்சு, தயவுசெஞ்சு எல்லாரும் பில்லக் கேளுங்க, கடன் வாங்கிட்டுப் போற பசங்ககிட்ட இப்படிப் புடுங்குறது அநியாயம்.

முத்திரை, ஸ்டிக்கர் எல்லாம் ஒரிஜினல் பின்பக்கம்தான் விழுது, அதனால லேமினேட் பண்ணிருந்தா முதல்ல அத சரி பண்ணுங்க. பாஸ்போர்ட்ல இனிஷியல் விரிச்சு அப்பா பேரா இருந்து, டிகிரில வெறும் எழுத்தா இருந்தா, அது பரவாயில்லையான்னு கம்பெனி ஹெச்ஆர்கிட்ட இப்பவே கேட்டுக்கோங்க.