மாதாந்தக் கிளினிக் தோட்டத்துக்கு வருமா?

கேள்வி: மேற்பிரிவு வாசி

இலங்கை மலையகத்தில் உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவில் வசிக்கும் என் அம்மாவுக்குச் சீனி வருத்தமும் பிரஷரும் இருப்பதால், மாதம் ஒரு தடவை நகரத்து அரசாங்க ஆஸ்பத்திரியின் கிளினிக்குக்குப் போய் மருந்து எடுத்து வர வேண்டியிருக்கிறது. மருந்து இலவசம் என்பது உண்மைதான். ஆனால் விடியற்காலை பஸ்ஸைப் பிடித்து, வரிசையில் காத்திருந்து, பொழுது சாய மலையேறி வரும் அந்த நாளில் அவருக்குப் பேர் விழாது, அதாவது அன்றைய சம்பளம் இல்லை. சென்ற மாதம் "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லிக் கொழுந்தெடுக்கப் போய்விட்டார். வீட்டிலிருந்து கால்மணி நேர நடையில் தோட்டத்து டிஸ்பென்சரி இருக்கிறது. அங்கே இந்த மருந்தைத் தர முடியாதா? எங்கள் சுகாதாரத்துக்குப் பொறுப்பு தோட்டமா, அரசாங்கமா?

பதில் 1: பழைய கிளார்க்

இரண்டு தரப்பும் பொறுப்பு என்பதே பதில். உங்கள் சிக்கலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. வெள்ளைக்காரர் காலத்தில், 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம், நோயுற்ற தொழிலாளரைக் கவனிக்கும் கடமையைத் தோட்டத்தை நடத்தும் துரையின் மேல் சுமத்தியது. கூலிக்கு ஆள் குறையக்கூடாது என்ற கணக்கும் அதில் கலந்திருந்தது என்பது என் எண்ணம். 1951 முதல் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் சிகிச்சை எல்லோருக்கும் இலவசமான பிறகும் தோட்டத்து வைத்தியம் தனி ஏற்பாடாகவே நீடித்தது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையானபோதும், 1992இல் அவற்றின் முகாமைத்துவம் கம்பனிகளின் கைக்குப் போனபோதும், டிஸ்பென்சரி தோட்டத்தோடு தோட்டமாகவே கைமாறியது. பின்னர் சில தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் பொறுப்பேற்றது, எல்லாவற்றையும் அல்ல.

டிஸ்பென்சரியில் இருப்பவர் தோட்ட மருத்துவ உதவியாளர். நாம் மரியாதையாக "டொக்டர் ஐயா" என்று அழைத்தாலும் அவர் எம்.பி.பி.எஸ். படித்தவர் அல்லர். சீனி வருத்தத்துக்கான மருந்தை இரத்தப் பரிசோதனை பார்த்துக் கூட்டவோ குறைக்கவோ வேண்டியவர் கிளினிக் டொக்டர். அந்த மருந்தும் ஆஸ்பத்திரிக் கணக்கில்தான் வெளியே வருகிறது. ஆகவே டிஸ்பென்சரிக்காரரோடு சண்டை பிடிப்பதில் பயனில்லை.

பதில் 2: ஓய்வுபெற்ற மருத்துவிச்சி

மேலே சொன்னது சரி, ஆனால் அதைப் படித்துவிட்டு மனம் தளர வேண்டாம். தாய் சேய் விடயத்தில் இதே சுவரை நாங்கள் எப்போதோ தாண்டிவிட்டோம். கர்ப்பிணிகளைப் பதிவதும், பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) தராசைத் தொங்கவிட்டுக் குழந்தைகளை நிறுப்பதும், ஊசி போடுவதும், திரிபோஷ சத்துமா கொடுப்பதும் அரசாங்கத்தின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் வேலைகள். "இது கம்பனிக் காணி" என்று யாரும் எங்களைத் திருப்பி அனுப்பியதில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்துக்கே போய், கூடையை இறக்கி வைத்த தாய்மாரைப் பார்த்து எழுதிய நாட்களும் உண்டு. ஆள் வராத இடத்துக்கு நாங்கள் போனோம், அவ்வளவுதான்.

இதனால் எல்லாம் நேராகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். 2016ஆம் ஆண்டின் தேசிய குடித்தொகை, சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடளவில் 17 சதவீதமாக இருக்க, தோட்டங்களில் ஏறத்தாழ 32 சதவீதமாக இருந்தார்கள். லயன் காம்பராவில் (தொழிலாளரின் வரிசை வீட்டு அறையில்) சமைக்கும் சோற்றுக்கும், குடிக்கும் தண்ணீருக்கும், தாயின் சம்பளத்துக்கும் தடுப்பூசி பதில் சொல்லாது.

பெரியவர்களின் நோய்களுக்கு 35 வயதைத் தாண்டியோரைப் பரிசோதிக்கும் ஆரோக்கிய வாழ்வு நிலையங்கள் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இருக்கின்றன. அந்தக் குழுவை நடமாடும் கிளினிக்காக உங்கள் பிரிவுக்கு அழைக்கும்படி சுகாதார வைத்திய அதிகாரிக்குக் கடிதம் எழுதுங்கள். பிரதியைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கு அனுப்புங்கள். தமிழிலேயே எழுதுங்கள், அது அரசகரும மொழி. இடம் தருவதாகத் தோட்ட நிர்வாகத்திடமும் ஒரு கடிதம் வாங்கி இணைத்தால், "தோட்டம் சம்மதிக்குமா" என்ற கேள்வியில் உங்கள் விண்ணப்பம் தேங்கி நிற்காது. ஒன்றை மறக்க வேண்டாம்: புதிதாக நோயைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை வேறு, அம்மாவின் மாதாந்த மருந்து வேறு. இரண்டையும் கடிதத்தில் பிரித்துக் கேளுங்கள்.

பதில் 3: டிக்கோயாப் பக்கம்

அக்கா சொல்வதை ஏற்கிறேன், ஆனால் டொக்டர் வர ஆயத்தமானாலும் அவருடைய வாகனம் எந்த வீதியால் வரும்? பிரதேச சபைகளின் பணத்தைத் தோட்டத்துக்குள் இப்படியான வீதி வேலைகளுக்குச் செலவிடச் சட்டம் இடம் கொடுத்ததே 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பிறகுதான். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் சேவை இலவசம்தான், எங்களுக்குப் பெரிய ஆறுதலும்தான். ஆயினும் என் அப்பாவுக்கு நெஞ்சு வலித்த இரவில் அது பெரிய ரோட்டில் நிற்க, நாங்கள் அவரைக் கம்பளியில் கிடத்தித் தூக்கிக்கொண்டுதான் இறங்கினோம்.

மொழியும் ஒரு ரோடுதான். ஓர் ஆஸ்பத்திரியில் டொக்டர் சிங்களத்தில் சொன்னதை ஒரு சிற்றூழியர் அவசரமாகத் தமிழில் சொல்ல, காலை மாத்திரையை அப்பா இரண்டு கிழமை இரவில் விழுங்கினார். டொக்டர் நல்லவர்; தெரிந்ததும் அவரே பொட்டலங்களில் சூரியனையும் நிலாவையும் வரைந்து கொடுத்தார். ஆகவே கடிதத்தில் தமிழ் தெரிந்த ஒருவர் கூட வர வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள் தம்பி.

கேள்வி கேட்டவர்: மேற்பிரிவு வாசி

மூவருக்கும் நன்றி. நேற்று மாலை எங்கள் லயனில் வீடு வீடாகக் கேட்டேன். ஏழு வீடுகளில் கிளினிக் கொப்பி இருக்கிறது, அவற்றில் மூன்றில் சென்ற மாதத் திகதி பதியப்படவில்லை. மற்ற லயன்களையும் கேட்டு, அந்தக் கணக்கைக் கடிதத்தோடு இணைக்கப் போகிறேன். பிள்ளைக்காம்பரா ஞாயிற்றுக்கிழமைகளில் பூட்டியே கிடக்கிறது, அதைத் தர முடியுமா என்று நாளை காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில், வேலையை மேற்பார்க்கும் பெரிய கங்காணியிடம் முதலில் கேட்டுப் பார்க்கிறேன். அதுவரை அம்மாவின் கொப்பியைக் கொண்டு போய் மருந்து எடுக்க இந்த மாதம் நான் லீவு போட்டிருக்கிறேன்.