போகிக்குத் தொட்டியைக் கழுவினேன், ஃபைட்டர் மீன் ஓரமாகச் சுருண்டு கிடக்கிறது

கேள்வி (லாஸ்பேட்டை, புதுச்சேரி)

வணக்கம். மகளின் ஒன்பதாவது பிறந்த நாளுக்கு வாங்கிய நீல நிற ஆண் ஃபைட்டர். 20 லிட்டர் தொட்டி, சிறிய ஸ்பாஞ்ச் ஃபில்டர், அடியில் கூழாங்கல். இரண்டு மாதம் நன்றாக இருந்தது. அவள் பள்ளிப் பையை மாட்டிக்கொண்டு எதிரில் நின்றால் கண்ணாடியை ஒட்டி வந்து வாலை விரித்துக் காட்டும்.

போகியன்று வீட்டோடு சேர்த்துத் தொட்டியையும் கழுவினேன். தண்ணீர் முழுவதையும் கொட்டிவிட்டு, கற்களைத் தேய்த்து, ஸ்பாஞ்சை அழுக்கு போகும்வரை குழாயடியில் பிழிந்து, மாடியில் வெயிலில் காயவைத்தேன். சோப்பு போடவில்லை. குழாய்த் தண்ணீரை நேரே பிடித்து நிரப்பினேன். இன்று ஐந்தாம் நாள். மீன் அடியில் கிடக்கிறது. காற்று வாங்க மட்டும் மேலே வருகிறது. வால் நுனி நைந்த துணிபோல் இருக்கிறது, தீனியைத் துப்பிவிடுகிறது. தண்ணீரோ பளிங்குபோல் தெளிவாக இருக்கிறது. "அம்மா, அதற்கு உடம்புக்கு என்ன?" என்று மகள் கேட்கிறாள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பதில் 1 (வில்லியனூர்)

வால் அழுகல் நோய்போல் தெரிகிறது. கடையில் நீல நிறச் சொட்டு மருந்து கிடைக்கும், அதை ஊற்றுங்கள். தண்ணீரையும் இன்னொரு முறை முழுவதும் மாற்றிவிடுங்கள்.

பதில் 2 (மஞ்சக்குப்பம், கடலூர்)

அம்மா, மறுபடி முழுத் தண்ணீரையும் மாற்றாதீர்கள். மருந்தும் இப்போது வேண்டாம். வில்லியனூர் நண்பர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் வால் நைந்தது பின்னால் வந்த விளைவு.

மீனின் கழிவும் மிச்சத் தீனியும் அம்மோனியா என்ற நஞ்சாக மாறும். ஸ்பாஞ்சிலும் கற்களிலும் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும். அவை புதுத் தொட்டியில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். நீங்கள் அழுக்கென்று பிழிந்தது அவற்றைத்தான். மிச்சத்தைக் குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரினும் வெயிலும் தீர்த்துவிட்டன. அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது, அதனால்தான் தண்ணீர் தெளிவாகத் தெரிகிறது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது எங்கள் வீட்டில் இரண்டு நாள் மின்சாரம் இல்லை. ஃபில்டர் நின்றது. ஃபைட்டருக்கு மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு உண்டு, அதனால் என் சிவப்பு மீன் பிழைத்துக்கொண்டது. ஸ்பாஞ்ச் மட்டும் நாறியது. அதைக் குழாயில் அலசி மாட்டி, தண்ணீர் முழுவதையும் மாற்றினேன். எட்டாம் நாள் மீன் இறந்தது. இரண்டு வருடம் வளர்த்த மீன். புயலைத் தாங்கியது என் சுத்தத்தைத் தாங்கவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது.

இன்றே கால் பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். குளோரினை நீக்கும் திரவம் சில சொட்டு விட்ட, அதே வெதுவெதுப்புள்ள தண்ணீராக இருக்கட்டும். ஒரு வாரம் தினமும் இப்படியே செய்யுங்கள். இரண்டு நாள் தீனி வேண்டாம், பட்டினியால் மீனுக்கு ஒன்றும் ஆகாது. அம்மோனியா சோதனைக் கிட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், ஆரோக்கியமான மீன்களோடு பல மாதம் ஓடிய தொட்டி யாரிடமாவது இருந்தால் அதிலிருந்து ஒரு துண்டு ஸ்பாஞ்சைக் கேட்டு வாங்கி, ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டரோடு சேர்த்துவிடுங்கள்.

தை மாத இரவில் தொட்டி குளிர்ந்துவிடும். இந்த மீனின் பூர்வீகம் தாய்லாந்துப் பக்கத்து வயல்களும் சதுப்புகளும். இலை மக்கிய, வெதுவெதுப்பான, ஓட்டமில்லாத நீர் அதற்குப் பழக்கம். 26 டிகிரி இருந்தால் நல்லது, 25 வாட் ஹீட்டர் போதும். நம் தெருக்களில் நிற்கும் நாட்டு வாதாம் மரத்தின் கீழே, தானாக உதிர்ந்து பழுப்பாகக் காய்ந்த இலை ஒன்றை எடுத்துக் கழுவிப் போடுங்கள். தண்ணீர் தேநீர் நிறமாகும், பயப்படவேண்டாம்.

கேள்வி கேட்டவர் (பத்து நாள் கழித்து)

ஐயா, மிக்க நன்றி. முதல் நாள் அம்மோனியா 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) காட்டியது. என் தங்கை வீட்டுத் தொட்டியிலிருந்து ஸ்பாஞ்ச் துண்டு கிடைத்தது. நேற்றும் இன்றும் சுழியம்தான். மீன் நான்கு உருண்டை தின்றது. வால் ஓரத்தில் மட்டும் நிறமில்லாத மெல்லிய சவ்வு தெரிகிறது. இன்னும் அழுகுகிறதா?

பதில் 2 (மஞ்சக்குப்பம், கடலூர்)

இல்லை அம்மா, அது புதிதாக வளரும் வால். முதலில் கண்ணாடிபோல் வளர்ந்து பிறகுதான் நீலம் ஏறும். அழுகினால் ஓரம் கறுக்கும், அல்லது சிவக்கும். இனி வாரம் ஒருமுறை கால் பங்கு மாற்றினால் போதும். ஸ்பாஞ்சைக் கழுவ நேர்ந்தால், தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் இரண்டு முறை அமுக்கி எடுங்கள். மகளிடம் அந்தச் சவ்வைக் காட்டுங்கள்.